கணக்குப்பிள்ளை நாற்காலியை மாற்றிய மன்னர்

1919-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கோலாப்பூர் சமஸ்தானத்தின் அரசு அலுவலகங்களுக்கு ஓர் ஆணை வந்து சேர்ந்தது. தீண்டப்படாதவர் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள் எந்த அலுவலகப் படி ஏறி வந்தாலும் அவர்களை அன்போடும் சமமாகவும் நடத்த வேண்டும். அப்படி நடத்த மனம் இல்லாத அதிகாரி ஆறு வாரத்துக்குள் ராஜினாமா கொடுத்துவிட்டுப் போகலாம். போகிறவருக்கு ஓய்வூதியம் கிடையாது.

ஆணையைப் பிறப்பித்தவர் அந்தச் சமஸ்தானத்தின் மன்னர் சாகு மகராஜ். சமத்துவம் பேசிய மன்னர்கள் நம் நாட்டு வரலாற்றில் பலர் உண்டு. தன் சொல்லை மதிக்காத அதிகாரியின் ஓய்வூதியத்தில் கை வைத்தவர்கள் மிகச் சிலரே.

சாகு மகராஜ் என்றதும் இடஒதுக்கீட்டின் முன்னோடி என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடுகிறோம். போட்டித் தேர்வு வழிகாட்டிகளிலும் அந்த ஒரு வரிதான் இருக்கிறது. அவர் செய்தது அதைவிடப் பெரிய வேலை. அரசாங்கம் என்பது ஏழைக்கு எந்த முகத்தோடு தெரிகிறது என்று பார்த்து, அந்த முகத்தையே மாற்ற இருபத்தெட்டு ஆண்டுகள் பாடுபட்டார்.

காகலில் பிறந்தவர்

1874 ஜூன் 26 அன்று காகல் என்னும் ஊரில் காட்கே குடும்பத்தில் பிறந்தவர் அவர். பெற்றோர் வைத்த பெயர் யஷ்வந்த்ராவ். கோலாப்பூர் அரியணைக்கு வாரிசு இல்லாமல் போகவே, 1884-இல் அரச குடும்பம் அவரைத் தத்தெடுத்து சாகு என்று பெயரிட்டது. அப்போது வயது பத்துகூட நிறையவில்லை. ராஜ்கோட்டில் இளவரசர்களுக்கான கல்லூரியில் படித்தார். பிறகு தார்வாட்டில் ஸ்டூவர்ட் ஃபிரேசர் என்ற ஆங்கில அதிகாரியிடம் நிர்வாகம் பயின்றார். 1894 ஏப்ரல் 2 அன்று ஆட்சிப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. வயது பத்தொன்பது.

கோலாப்பூர் இன்றைய மகாராஷ்டிராவின் தென்கோடியில் உள்ளது. அன்று ஒன்பது லட்சம் பேர் அளவில் வாழ்ந்த சமஸ்தானம். பெரும்பாலோர் உழவர்கள். ஆங்கில அரசின் மேலாதிக்கத்துக்குக் கட்டுப்பட்ட மன்னர்தான் என்றாலும், உள்நிர்வாகத்தில் ஓரளவு கை வீசி நடக்க இடம் இருந்தது. பட்டத்துக்கு வந்த கையோடு கிராமம் கிராமமாகச் சுற்றினார். மக்களின் குறைகளை நேரில் கேட்டார்.

அலுவலகத்துக்குத் திரும்பிப் பார்த்தபோது இன்னொரு கணக்கு தெரிந்தது. பொது நிர்வாகத்தில் இருந்த 71 பதவிகளில் 60 பதவிகள் பிராமணர் கையில் இருந்தன. 500 குமாஸ்தா வேலைகளில் பிராமணர் அல்லாதவர் பத்தே பேர். வரி கட்டுகிறவர் ஒரு பக்கம், அந்த வரியை எழுதுகிறவர், வசூலிப்பவர், மனுவை வாங்குகிறவர், தீர்ப்பு எழுதுகிறவர் எல்லாம் இன்னொரு பக்கம். நடுவில் படிப்பும் சாதியும் சேர்ந்து எழுப்பிய சுவர்.

ஊரை ஆண்ட கணக்கர்

கிராமத்தில் நிலைமை இன்னும் கெட்டி. அங்கே ஊர்த் தலைவருக்குப் பாட்டீல் என்று பெயர். நம் ஊர் மணியக்காரர் போல. அவருக்குப் பக்கத்தில் குல்கர்னி இருந்தார். இவர் நம் ஊர் கர்ணம், கணக்குப்பிள்ளை. இரண்டுமே பரம்பரைப் பதவி. அப்பன் போனால் மகன். பாட்டீலுக்குப் பெரும்பாலும் எழுத்து வராது. குல்கர்னி எழுதிக் கொடுத்த இடத்தில் கைநாட்டு வைப்பதோடு அவர் அதிகாரம் முடிந்தது. கணக்குகளோ மோடி என்ற சுழி எழுத்தில் இருந்தன. ஓரளவு படித்தவருக்கும் அதைப் படிப்பது எளிதல்ல.

யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு தீர்வை, யார் பாக்கி, யார் கட்டிவிட்டார் என்பதெல்லாம் குல்கர்னியின் கட்டில் இருந்தது. வட்டிக்குக் கொடுப்பதும், பத்திரம் எழுதுவதும், சாட்சி சொல்வதும் பல ஊர்களில் அவரே. ராஜா கோலாப்பூரில் இருந்தார். உழவனுக்கு ராஜா குல்கர்னிதான். நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சிட்டாவும் அடங்கலும் எந்த வீட்டுப் பெட்டியில் இருந்தன, அவற்றைப் பார்க்க எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது என்பது அவர்களுக்குத் தெரியும்.

சாகு இதை உடனே உடைக்க முடியவில்லை. குல்கர்னியை நீக்கினால் கணக்கு எழுத வேறு ஆள் வேண்டும். அந்த ஆள் பள்ளிக்கூடத்திலிருந்து வர வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு உழவர் வீட்டுப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் போயிருக்க வேண்டும். ஆகவே அவர் பின்னாலிருந்து தொடங்கினார்.

இடையில் அவருக்கே ஓர் அனுபவம் நேர்ந்தது. 1899-இல் பஞ்சகங்கை ஆற்றில் அவர் நீராடும்போது அரண்மனைப் புரோகிதர் வேத மந்திரம் சொல்லாமல் புராண மந்திரம் சொன்னார். மன்னரும் சூத்திரரே, அவருக்கு வேத மந்திரத்துக்கு உரிமை இல்லை என்பது காரணம். வேதோக்தத் தகராறு என்று வரலாற்றில் பெயர் பெற்ற இந்தப் பூசல் பல ஆண்டுகள் நீடித்தது. அரியணையில் இருப்பவனுக்கே இந்த நிலை என்றால் குடிசையில் இருப்பவனுக்கு என்ன நிலை என்ற கேள்வி அவருக்குள் ஆழமாக இறங்கியது. பின்னாளில் ஜோதிராவ் பூலேயின் சத்திய சோதக் இயக்கத்துக்கு அவர் துணை நின்றதற்கும் இதுவே அடித்தளம்.

1902 ஆணையில் மூன்று ஆணிகள்

1902-இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக சாகு இங்கிலாந்து சென்றிருந்தார். அங்கிருந்தபடியே ஜூலை 26 அன்று ஆணை பிறப்பித்தார். காலியாகும் அரசு வேலைகளில் நூற்றுக்கு ஐம்பது, பின்தங்கிய வகுப்பினருக்கு ஒதுக்கப்படும் என்றது அது. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சியின் முதல் வகுப்புரிமை ஆணை வந்தது 1921-இல். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முந்தியது இது.

மாணவர்கள் இந்த ஆணையின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஐம்பது விழுக்காடு என்ற எண் மட்டும் அதில் இல்லை. பின்தங்கியோர் யார் என்று அது வரையறுத்தது. பிராமணர், பிரபு, சேன்வி, பார்சி முதலான முன்னேறிய வகுப்பினர் தவிர மற்ற எல்லோரும் என்று எழுதியது. இரண்டாவதாக, எந்த அலுவலகத்தில் இவர்கள் பாதிக்குக் குறைவோ அங்கே அடுத்து வரும் காலியிடம் இவர்களுக்கே என்றது. மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒவ்வோர் அலுவலகத் தலைவரும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஆணை எந்த அளவு நிறைவேறியது என்று அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்றது.

ஆணை போட்டுவிட்டு மறந்துபோவது அரசுகளின் பழைய பழக்கம். கேட்டால் தகுதியானவர் கிடைக்கவில்லை என்று கீழே இருப்பவர் எழுதுவார். அதை மேலே இருப்பவர் கோப்பில் கட்டி வைப்பார். மூன்று மாதத்துக்கு ஒரு கணக்கு என்ற அந்த ஆணி அந்த வழியை அடைத்தது.

எதிர்ப்பு பலமாக வந்தது. பத்திரிகைகள் கண்டித்தன. தகுதி கெட்டுப்போகும் என்றார்கள். அப்படி வாதிட வந்த சாங்லி வழக்கறிஞர் ஒருவரை மன்னர் குதிரை லாயத்துக்கு அழைத்துப்போன கதையை மராத்திய மக்கள் இன்றும் சொல்வார்கள். கொள்ளை எல்லாக் குதிரைக்கும் பொதுவாகக் கொட்டச் சொன்னாராம். வலுத்த குதிரைகள் முண்டியடித்துத் தின்றன. குட்டியும் நோஞ்சானும் ஒதுங்கி நின்றன. தனித்தனியாகப் பை கட்டி ஊட்டுவது எதற்காக என்று வழக்கறிஞருக்கு அப்போது விளங்கியதாம்.

பத்தாண்டில் பலன் தெரிந்தது. 1912-இல் பதவிகள் 95. அதில் பிராமண அதிகாரிகள் 35 பேர்.

சேரிக்கு எட்டாத பாதி

இங்கே ஓர் உண்மையை நாம் மறைக்காமல் பேச வேண்டும். 1902 ஆணையில் தீண்டப்படாத சாதிகளுக்கென்று தனிப் பங்கு இல்லை. பிராமணரல்லாதார் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பாதி. அந்தப் பாதி முதலில் போய்ச் சேர்ந்தது, அவர்களுள் ஏற்கெனவே கொஞ்சம் எழுத்தும் நிலமும் வைத்திருந்தவர்களிடம். மகார், மாங், சாம்பார் குடியிருப்புகளில் பள்ளி முடித்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்ற நிலையில், திறந்த கதவு மட்டும் அவர்களை உள்ளே கொண்டுவரவில்லை. பொதுப் பட்டியலில் நம்மையும் சேர்த்து எழுதிவிட்டு, பங்கு பிரிக்கும்போது மறந்துவிடுவது அன்றும் நடந்தது.

சாகுவின் பெருமை, முதல் ஆணையோடு நிற்காமல் இந்தக் குறையின் பக்கம் திரும்பியதில் இருக்கிறது. கோலாப்பூர் நகரில் வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்க 1901 முதல் சமூகம்தோறும் விடுதிகளுக்கு நிலமும் பணமும் கொடுத்துவந்தார். தீண்டப்படாத மாணவர்களுக்காக 1908-இல் ஒரு விடுதி திறக்கப்பட்டது. பம்பாய் ஆளுநரின் மகள் பெயரால் அது மிஸ் கிளார்க் விடுதி எனப்பட்டது. 1917-இல் சமஸ்தானம் முழுவதும் தொடக்கக் கல்வி இலவசம், கட்டாயம் என்று சட்டமானது. பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். 1919-இல் தீண்டப்படாதாருக்கென்று இருந்த தனிப் பள்ளிகளை மூடி, அந்தப் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்க்க உத்தரவிட்டார். ஒரே பெஞ்சில் உட்காராத பிள்ளைகள் நாளை ஒரே அலுவலகத்தில் எப்படி உட்காருவார்கள்?

1918: வேரில் விழுந்த வெட்டு

கால் நூற்றாண்டு தயாரிப்புக்குப் பின் 1918-இல் குல்கர்னி முறை ஒழிந்தது. பரம்பரை மானியக் கணக்கருக்குப் பதில் சம்பளம் வாங்கும் தலாட்டிகள் வந்தார்கள். தலாட்டி என்பவர் இன்றைய நம் கிராம நிர்வாக அலுவலர் மாதிரி. அரசு நியமிக்கும், அரசு மாற்றும், தவறினால் அரசு கேட்கும். பழைய கணக்கர்கள் ஆங்கில அரசு வரைக்கும் மனுப் போட்டுப் பார்த்தார்கள். மன்னர் பின்வாங்கவில்லை. அந்தத் தலாட்டி வேலைகளில் மகார் இளைஞர்களும் நியமிக்கப்பட்டார்கள். எந்த வீட்டுத் திண்ணைக்குக் கீழே கைகட்டி நின்றார்களோ, அந்தக் கணக்கை இப்போது அவர்கள் எழுதினார்கள்.

அதே ஆண்டில் மகார் வதன் முறையையும் எடுத்தார். மகார் குடும்பங்களுக்கு ஊரில் ஒரு துண்டு நிலம் இருக்கும். அதற்கு ஈடாகக் குடும்பம் முழுவதும் ஊருக்கும் அரசுக்கும் கூப்பிட்ட நேரத்தில் ஓட வேண்டும். தண்டோரா போட வேண்டும், ஓலை கொண்டுபோக வேண்டும், வரிப்பணத்துக்குக் காவல் போக வேண்டும், அதிகாரி வந்தால் மூட்டை தூக்க வேண்டும், செத்த மாட்டை இழுக்க வேண்டும். நம் ஊர் வெட்டி, தோட்டி, தலையாரி வேலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். துண்டு நிலம் என்ற கயிற்றால் ஒரு சமூகத்தையே கட்டிப்போட்ட ஏற்பாடு இது. சாகு அந்த நிலத்தைத் தீர்வை கட்டும் சாதாரணப் பட்டா நிலமாக்கி அவர்களுக்கே உரியதாக்கினார். ஊழியக் கட்டை அறுத்தார். வேட் எனப்பட்ட கூலியில்லா வேலையையும் தடை செய்தார். இதே முறையை ஒழிக்க ஆங்கில ஆட்சிப் பகுதியில் 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்து, நெடுங்காலம் போராட வேண்டியிருந்தவர் அம்பேத்கர்.

குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்களும் மகார், மாங் மக்களும் நாள்தோறும் ஊர்ச் சாவடியில் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும் என்ற ஹாஜரி முறை இருந்தது. கள்ளர், மறவர் ஊர்களில் கைரேகைச் சட்டம் என்ன செய்தது என்பதை அறிந்தவர்களுக்கு இதன் கொடுமை புரியும். அந்த வருகைப் பதிவிலிருந்தும் 1918-இல் விடுதலை கொடுத்தார்.

இவற்றுக்குப் பிறகு வந்ததுதான் தொடக்கத்தில் சொன்ன ஆறு வார ஆணை. அதோடு அரசு மருத்துவமனைகளுக்கும் உத்தரவு போனது. நோயாளி எந்தச் சாதியானாலும் தொட்டுப் பார்த்து வைத்தியம் செய்ய வேண்டும். பொதுக் கிணறு, சத்திரம், அரசுக் கட்டடம் எல்லாம் எல்லோருக்கும் பொது என்று அறிவிக்கப்பட்டது. அங்கே தீட்டுப் பார்த்தால் அந்த ஊர் பாட்டீலும் தலாட்டியும் பொறுப்பாளிகள் என்றும் சொல்லப்பட்டது. யாரோ செய்தார்கள், எனக்குத் தெரியாது என்று ஊர் அதிகாரி நழுவ முடியாது.

ஒரு டீக்கடை

ஆணைகள் போடுகிற மன்னர், தன் வாழ்க்கையிலும் அதைக் காட்டினார். அரண்மனை லாயத்தில் வேலை பார்த்த கங்காராம் காம்ப்ளே என்ற மகார் ஊழியர், மேல்சாதி ஊழியர்களின் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டதற்காக அடிக்கப்பட்டார். மன்னர் அடித்தவர்களைத் தண்டித்தார். கங்காராமுக்குப் பணம் கொடுத்து நகரில் ஒரு டீக்கடை வைக்கச் சொன்னார். மகார் கடையில் டீ குடிக்க யாரும் வரவில்லை. சாகு தன் சாரட்டை அந்தக் கடை வாசலில் நிறுத்தினார். டீ வாங்கிக் குடித்தார். உடன் வந்தவர்களுக்கும் வாங்கிக் கொடுத்தார். மன்னரோடு வந்தவர் குடிக்காமல் இருக்க முடியுமா? இரட்டைக் குவளையை நேரில் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த ஒரு கோப்பை டீயின் கனம் தெரியும்.

நாடு திரும்பியிருந்த இளைஞர் அம்பேத்கரைப் பம்பாயில் தேடிப்போய்ச் சந்தித்தவர் சாகு. 1920 ஜனவரியில் அம்பேத்கர் தொடங்கிய மூக்நாயக் இதழுக்குப் பொருளுதவி செய்தார். அதே ஆண்டு மார்ச்சில் கோலாப்பூர் சமஸ்தானத்து மாண்காவ் என்னும் ஊரில் தீண்டப்படாதோர் மாநாடு அம்பேத்கர் தலைமையில் கூடியது. மன்னர் அங்கே வந்து, உங்கள் மக்களின் தலைவர் உங்களுக்குள்ளேயே கிடைத்துவிட்டார் என்ற பொருளில் பேசினார். அருள்பாலிக்கும் மன்னராகத் தான் முன்னே நிற்காமல், அந்த மக்களின் மகனை முன்னே நிறுத்தினார்.

இரண்டு ஆண்டுகளில், 1922 மே 6 அன்று, பம்பாயில் சாகு மகராஜ் காலமானார். வயது 47.

நமக்கு விட்டுச்சென்றது

அவர் மன்னர். ஒரு கையெழுத்தில் காரியம் நடந்தது. மன்னர் மாறினால் மனமும் மாறலாம் என்ற ஆபத்தும் அதிலேயே இருந்தது. நமக்கு மன்னர் இல்லை, சட்டம் இருக்கிறது. கோலாப்பூரில் 1918-இல் ஒழிந்த பரம்பரைக் கணக்கர் முறை, தமிழ்நாட்டில் 1980 நவம்பரில்தான் அவசரச் சட்டத்தால் ஒழிந்தது. அறுபத்திரண்டு ஆண்டு இடைவெளி. அந்தச் சட்டம் வந்ததால்தான் கிராம நிர்வாக அலுவலர் நாற்காலிக்கு நம் பிள்ளைகள் தேர்வெழுதி வர வழி பிறந்தது.

சாகுவின் ஆறு வார ஆணைக்கு இணையானதும் நம் கையில் உண்டு. பட்டியல் சாதிகள், பழங்குடிகள் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இன் 4-ஆம் பிரிவு, இந்தச் சட்டப்படி செய்ய வேண்டிய கடமையை வேண்டுமென்றே செய்யாத, பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை என்கிறது. புகாரை எழுத மறுக்கும் காவல் நிலையமும் இதற்குள் வரும். எத்தனை ஊர்களில் இந்தப் பிரிவின் பெயரையே கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

மூன்று மாதக் கணக்கை இன்று எந்த மன்னரும் கேட்கப்போவதில்லை. குடிமக்கள் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு தாளில் எழுதினால் போதும். இந்த அலுவலகத்தில் மொத்தப் பணியிடங்கள் எத்தனை, பட்டியல் சாதியினருக்கும் அருந்ததியருக்கும் பழங்குடியினருக்கும் உரியவை எத்தனை, நிரம்பியவை எத்தனை, நிரப்பாமல் கிடப்பவை எத்தனை ஆண்டுகளாகக் கிடக்கின்றன என்று கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.

ஜூன் 26 சாகு மகராஜின் பிறந்தநாள். மகாராஷ்டிரத்தில் அதைச் சமூகநீதி நாளாகக் கொண்டாடுகிறார்கள். நம் ஊர்க் கல்லூரி மாணவர்கள் அன்று மாலை போட வேண்டும் என்பதில்லை. ஆளுக்கு ஓர் அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்து அந்த ஒரு தாளை எழுதி அனுப்பினால், 1902-இல் அவர் தொடங்கிய கணக்குக் கேட்கும் வேலை நம் வட்டத்திலும் தொடரும்.